விழித்திரை 'விலகல்' சரியான சொல்தானா?

கண்ணுக்குள் பின்புறம் பிம்பம் விழும் படலம் தன் இடத்திலிருந்து பிரிந்துவிடும் நோய் ரெட்டினல் டிடாச்மென்ட். அதைத் தமிழில் பெரும்பாலும் 'விழித்திரை விலகல்' என்று எழுதுகிறோம். எனக்கு இந்தச் சொல் உறுத்துகிறது. தமிழில் திரை விலகினால் வெளிச்சம் வரும், மறைந்திருந்தது தெரியும். இந்த நோயில் நடப்பது நேர் எதிர். கண்ணில் பந்து பட்டோ குத்து விழுந்தோ சில வாரம், சிலருக்குப் பல மாதம் கழித்துக்கூட, மின்னல் வெட்டுவது போலவும் கரும்புள்ளிகள் மிதப்பது போலவும் தெரிய ஆரம்பித்து, அப்புறம் பார்வையின் ஒரு ஓரத்திலிருந்து இருட்டு ஏறி வரும். 'திரை போட்ட மாதிரி இருக்கு' என்றுதான் நோயாளி சொல்வார். வலி இருக்காது, அதனால்தான் பலர் தாமதிக்கிறார்கள்.

ரெட்டினா என்ற சொல்லின் மூலத்தில் திரையே கிடையாது. லத்தீனில் 'ரேட்டே' என்றால் வலை. 12ஆம் நூற்றாண்டில் பாரசீக மருத்துவர் இப்னு சீனாவின் மருத்துவ நூலை கிரெமோனாவின் ஜெரார்ட் லத்தீனில் பெயர்த்தபோது, அரபியில் 'வலை போன்றது' என்றிருந்த பெயரை 'ரெட்டினா' ஆக்கினார். அரபிக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது, கிரேக்கர் சொன்னது வீச்சுவலை. வீச்சுவலையை நடுக்கயிற்றைப் பிடித்துத் தூக்கினால் கூம்பாகச் சுருங்கித் தொங்கும் அல்லவா, முழுதாகப் பிரிந்த விழித்திரையும் பின்பக்கம் பார்வை நரம்பு இருக்கும் இடத்தில் மட்டும் பிடித்துக்கொண்டு கிட்டத்தட்ட அப்படித்தான் நிற்கும். தமிழ் வடிவத்தைப் பார்க்கவில்லை, வேலையைப் பார்த்தது: பிம்பம் விழும் இடம், ஆகவே விழித்திரை. அருமையான சொல், அதை மாற்ற வேண்டியதில்லை.

சிக்கல் 'விலகல்' என்பதில்தான். அடிபட்ட வேகத்தில் விழித்திரையில் கிழிசல் விழுகிறது, அதன் வழியே நீர் உள்ளே புகுந்து, பின்னால் தன்னைத் தாங்கும் அடுக்கிலிருந்து விழித்திரையை உரித்துவிடுகிறது, ஈரம் இறங்கிய சுவரில் பூச்சு உப்பிக்கொண்டு வருவது போல. சரி, 'விழித்திரைப் பிரிவு' என்று எழுதலாமா? ஆஸ்பத்திரிப் பலகையில் அது ஒரு துறையின் பெயராகிவிடும். 'விழித்திரை பிரிதல்' என்றால் குழப்பமே இல்லை.

சிகிச்சைக்கு 'விழித்திரை ஒட்டும் அறுவை' என்பேன். பசை எதுவும் போடுவதில்லை, கிழிசலை அடைக்கிறார்கள், அவ்வளவுதான். அடைத்தபின் உள்ளே தேங்கிய நீரைக் கண் தானே உறிஞ்சிக்கொள்ளும் அல்லது மருத்துவர் வெளியேற்றுவார். கிழிசல்தான் காரணம், அதை அடைத்தால் ஒட்டும் என்று காட்டியவர் சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஜூல் கோனன், 1920களில். அதற்கு முன்பு இது ஏறக்குறைய கைவிடப்பட்ட நோய். இன்று வெளிப்புறம் சிலிகான் பட்டை வைத்து அழுத்துவார்கள், அல்லது கண்ணுக்குள் இருக்கும் ஜெல்லை எடுத்துவிட்டு, லேசரால் கிழிசலைச் சுற்றித் தழும்பு உண்டாக்கி, வாயுவோ சிலிகான் எண்ணெயோ நிரப்புவார்கள். இந்த இரண்டாவது முறைக்குப் பெயர் விட்ரெக்டமி: 'விட்ரம்' லத்தீனில் கண்ணாடி, 'எக்டமி' கிரேக்கத்தில் வெட்டி எடுத்தல். 'கண்ஜெல் அகற்றல்' என்று சொன்னால் கையெழுத்துப் போடும் உறவினருக்கும் புரியும்.

வாயுக்குமிழி மேல்நோக்கித்தான் மிதக்கும். அது கிழிசலை அழுத்த வேண்டும் என்பதால்தான் சிலரை நாள்கணக்கில் குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள், குமிழி கரையும்வரை விமானத்தில் ஏறவும் விடமாட்டார்கள். உயரத்தில் வாயு விரிந்து கண்ணழுத்தம் எகிறிவிடும்.