வாடைக்காற்றில் சைக்கிள் ஓடுவோருக்கு எந்த ஜக்கெட்?

மார்கழி, தை பிறந்தால் எங்கள் கிளினிக்கில் இந்த முறைப்பாடு கூடிவிடும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வலையிறவுப் பாலம் கடந்து வெள்ளாப்பில் வேலைக்கு வருகிறவர்கள், கல்லடிப் பாலத்தில் காற்றோடு மல்லுக்கட்டுகிறவர்கள், எல்லோரும் சொல்வது: "டொக்டர், ஜக்கெட் போட்டும் கூதல் விடுதில்ல." ஜக்கெட்டைக் கழற்றினால் உள்ளே சட்டை தொப்பென்று நனைந்திருக்கும். முதுகில் வேர்க்குரு, கமக்கட்டில் பங்கசு. அன்று மழையே பெய்திருக்காது.

நனைத்தது சொந்த வேர்வைதான். மிதிக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால்வாசிதான் சில்லைச் சுற்றுகிறது, மிச்சமெல்லாம் சூடு. றெக்சின் ஜக்கெட்டும் பிளாஸ்டிக் றெயின்கோட்டும் அதை வெளியே விடாமல் அடைத்து வைக்கும். மிதிப்பது குறைந்ததும் ஈரச் சட்டை உடம்புச் சூட்டை இழுக்கத் தொடங்கும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் தடித்த பஞ்சு ஜக்கெட்டை இங்கே போட்டு மிதிக்காதீர்கள். அது பனியில் நிற்பவருக்கு உரியது.

காற்றை மறிப்பதும் முக்கியம். எதிர்க்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் வீச, நீங்கள் 15இல் மிதித்தால், நெஞ்சில் படுவது 35. ஆகவே முன்பக்கமும் கையும் காற்றுப் புகாத துணி, முதுகும் கமக்கட்டும் வலைத்துணி: இப்படிப்பட்டதைத்தான் நான் சொல்வேன். கடையிலேயே முன்பக்கத் துணியில் வாய் வைத்து ஊதுங்கள். மூச்சு தாராளமாக மறுபக்கம் வந்தால் காற்றும் வரும். ஆவி போகுமா என்று பார்க்க, வாங்கிய பின் வீட்டில் சுடுநீர்க் கோப்பையின் வாயைத் துணியால் மூடி, மேலே குளிர்ந்த கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்து வையுங்கள். குவளையில் பனி படிந்தால் துணி ஆவியை விடுகிறது.

விலை கூடிய ஜக்கெட்டுகளின் லேபலில் 10,000, 20,000 என்று இருக்கும். ஒரு சதுர மீற்றர் துணி 24 மணித்தியாலத்தில் எத்தனை கிராம் நீராவியை வெளிவிடும் என்பது அது. உள்ளுக்கும் வெளிக்கும் ஈரப்பத வித்தியாசம் இருந்தால்தான் அந்தத் துணி ஒழுங்காக வேலை செய்யும். நுவரெலியாக் குளிரில் சரி. வெளிக்காற்றே ஈரத்தில் ஊறிக்கிடக்கும் நம் மாரியில் அந்த இலக்கத்தை நம்பிக் காசைக் கொட்ட வேண்டாம். கமக்கட்டில் திறக்கும் சிப்பே இங்கே கூடுதலாக உதவும்.

உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம், விளையாட்டு ஜேர்சி போதும். ஹேண்டிலைப் பிடித்துக் குனிந்து பாருங்கள்: இடுப்பு வெளியே தெரியக்கூடாது, கை மேலேறக்கூடாது. இருட்டில் மினுங்கும் பட்டி கட்டாயம். புறப்படும்போது கொஞ்சம் கூதினால் உடுத்தது போதும். சில நிமிடத்தில் உடம்பு சூடேறிவிடும். வாசனைக்காகக் கடைசி அலசலில் ஊற்றும் மென்மையாக்கித் திரவம் துணியின் நுண்துளைகளை அடைக்கும், அதைத் தவிருங்கள்.

தடிமன் வைரசால் வருவது, ஈரச் சட்டையால் அல்ல. ஆனால் முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்களுக்குக் குளிர்காற்றில் மூச்சு வாங்க மிதிப்பது இழுப்பைத் தூண்டலாம். கழுத்துவரை மூடும் கொலரும், முகத்துக்கு ஒரு மெல்லிய துணியும் அவர்களுக்கு அவசியம். இன்ஹேலரை முன் பொக்கற்றிலேயே வைத்திருங்கள். மிதிக்க முன் அதை அடிக்க வேண்டுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.