சாவியைத் திருப்பியதும் என்ன கேட்கிறது?

நேற்று மாலை வரை நன்றாக ஓடிய பழைய கார் இன்று காலை கிளம்ப மறுத்தால், பெரும்பாலோர் உடனே பேட்டரியைத்தான் குறை சொல்கிறார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் புதிய பேட்டரி வாங்கும் முன், சாவியைத் திருப்பும்போது எழும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்பது நல்லது. இன்ஜின் சுற்றவே இல்லையா, சுற்றியும் பற்றவில்லையா என்று தெரிந்துவிட்டால் பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

இன்ஜின் சுற்றாமல் 'டக டக டக' என்று வேகமான ஓசை மட்டும் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினைச் சுற்றவைக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலினாய்டு என்ற மின்காந்தச் சுவிட்சுதான் அப்படித் துடிக்கிறது. அது இழுத்துக்கொண்டதும் மோட்டார் பெரும் மின்னோட்டத்தைக் கேட்க, மின்னழுத்தம் சரிந்து சொலினாய்டு பிடியை விட, சுமை நீங்கியதும் மின்னழுத்தம் மீண்டு அது மறுபடி இழுக்கிறது.

"முகப்பு விளக்குதான் பளிச்சென்று எரிகிறதே" என்ற ஐயம் இங்கே எழும். 55 வாட் விளக்குக்கு 5 ஆம்பியருக்கும் குறைவாகவே போதும்; ஸ்டார்ட்டருக்கோ 150 ஆம்பியர்கூடத் தேவைப்படலாம். பேட்டரி முனைக்கும் அதைக் கவ்வும் கிளாம்புக்கும் இடையே படிந்த உப்பு வெறும் 0.02 ஓம் மின்தடையைத் தந்தாலும், விளக்கு எரியும்போது இழப்பு 0.1 வோல்ட்தான்; 150 ஆம்பியர் பாய்ந்தால் அதே இடத்தில் 3 வோல்ட் காணாமல் போய்விடும். பேட்டரியை மாற்றும்போது கிளாம்பைக் கழற்றிச் சுரண்டி இறுக்குவதாலேயே பல வண்டிகள் கிளம்பிவிடுகின்றன. பெயர் மட்டும் புதிய பேட்டரிக்குப் போய்விடுகிறது.

இதைக் கண்டறிய ஒரு மல்டிமீட்டர் போதும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயத் தண்டின் மீதும் மற்றொன்றை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மீதும் வைத்து, வேறொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். எண் பூஜ்யத்தை ஒட்டி நின்றால் இணைப்பு நன்று. அரை வோல்ட் காட்டினாலே குற்றவாளி அங்கேதான் இருக்கிறது. பேட்டரியின் எதிர்மின் (−) முனைக்கும் இன்ஜினின் உலோக உடலான பிளாக்குக்கும் இடையேயும் இப்படிப் பார்க்க வேண்டும், ஏனெனில் பழைய வண்டிகளில் இவ்விரண்டையும் இணைக்கும் எர்த் வயர் துருப்பிடித்து மோசம் செய்வது மிகச் சாதாரணம். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி, ஸ்டார்ட்டர் இழுக்கும்போது தன் முனைகளிலேயே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மட்டும் அதன் மீது பழி போடலாம்.

இன்ஜின் தாராளமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால், பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது வழி காட்டும். பலமுறை சுற்றிய பின்னும் பிளக் உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை. பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறி பறக்கவில்லை. பிளக்குக்குப் போகும் வயரில் ஓடுவது ஆயிரக்கணக்கான வோல்ட் என்பதால், கையில் பிடித்துச் சோதிப்பது ஆபத்து.

வழக்கமான 'உர்ர்-உர்ர்' என்ற இழுப்பு இல்லாமல், தடையே இன்றி ஒரே சீராக விர்ரென்று வேகமாகச் சுற்றினால் வால்வுகளைப் பிஸ்டனின் அசைவுக்கு ஏற்ப இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். அப்போது சாவியை மேலும் திருப்பவே கூடாது. சில இன்ஜின்களில் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வுகளில் மோதி அவற்றை வளைத்துவிடும்.