சைனா கிராஸ் புல் இல்லை

பக்கத்து வீட்டு அக்காவுக்கு, பாலை ஜெல்லி மாதிரி உறையவைக்கும் கடப்பாசி வேண்டுமென்று கும்பகோணத்தில் ஒரு மளிகைக் கடையில் 10 கிராம் பொட்டலம் இரண்டு வாங்கி வந்தேன். கையில் வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தவர், "தம்பி, நான் கடப்பாசில்ல கேட்டேன், இது என்னமோ புல்லுன்னு போட்டிருக்கே" என்றார். இதன் இங்கிலீஷ் கடைப்பெயரான சைனா கிராஸை 'சீனப் புல்' என்று தமிழாக்கி அச்சடித்திருந்தது. செய்முறையில் 'புல்லை நீரில் 20 நிமிடம் ஊற வைக்கவும்' என்று வேறு. சமையல் காணொளிகளிலும் இதையே கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. மாட்டுக்குப் போடுவதா, மனுசனுக்கா என்று ஒருவரும் கேட்பதில்லை.

பிரித்து முகர்ந்து பார்த்த பிறகுதான் அக்காவுக்கு நம்பிக்கை வந்தது. நாகூர் பக்கத்தில் பிறந்தவர். நோன்பு திறக்கும் நேரத்தில் கஞ்சி, வடையோடு தட்டில் குளிர்ச்சியாகக் கடப்பாசித் துண்டும் இருக்கும் வீடு. அந்தப் பெயர் அவருக்கு யாரும் மொழிபெயர்த்துக் கொடுத்ததல்ல.

பொருள் இதுதான்: கடலில் வளரும் சிவப்புப் பாசிகளை வேகவைத்து, வடித்து, உறையவைத்து, காயவைத்தால் கிடைக்கும் வெள்ளை இழை. பாசி என்பது பசுமையோடு உறவுள்ள சொல். பாசிப்பயறும் அதே வழி. ஊருணித் துறையில் கை பட்டால் விலகி, எடுத்தால் மறுபடி பரவும் பாசியை, பிரிவில் பெண்ணின் மேனியில் படரும் பசலைக்கு உவமை சொன்ன குறுந்தொகை 399 காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிறது. 'பாசி பச்சை, இதுவோ சிவப்பு' என்று ஒருவர் மடக்கப் பார்த்தார். எள்+நெய்தான் எண்ணெய். அதற்காகக் கடலை எண்ணெயை வேண்டாமென்கிறோமா? மண்ணெண்ணெயில் எள் எங்கே இருக்கிறது?

இப்போது 'சீனப் புல்'லுக்கு வருகிறேன். இதில் ஒரு தப்பு இல்லை, இரண்டு. முதலாவது, இது புல் இல்லை. வேர், தண்டு, இலை என்று எதுவும் கிடையாது. இரண்டாவதுதான் வேடிக்கை. இங்கிலீஷிலேயே சைனா கிராஸ் என்றால் இன்னொரு செடிக்கும் பெயர். ரேமி என்கிற நார்ச்செடி, நூல் நூற்று துணி நெய்வார்கள். அதுவும் புல் இல்லை, நெட்டில் என்கிற அரிப்புச் செடியின் குடும்பம்! ஆக, இரண்டு இடத்திலும் பொருந்தாத ஒரு பெயரை எடுத்து, சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, கூடவே ஒரு 'ப்' ஒற்றையும் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்கள். சந்தி சரியாக இருக்கிறது, சங்கதிதான் இல்லை.

மறுபக்கத்துக்கும் ஒரு நியாயம் உண்டு, மறைக்கவில்லை. கடலோரத்து மக்களே ஒரு பாசியைக் 'கட்டக்கோரை' என்கிறார்கள். கோரை புல் மாதிரிதானே? ஆனால் அது பழுப்புப் பாசி, வேறு சரக்கு. அதிலிருந்து இந்த இழை வராது. இழைக்கு உதவுகிறவற்றுக்கு மண்டபம், பாம்பன் பக்கம் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள் வைத்திருக்கும் பெயர்கள் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி. இவ்வளவு அழகான பெயர்கள் கையெட்டும் தூரத்தில் இருக்க, பொட்டலத்துக்குத் தமிழ் எழுதுகிறவர் அகராதியைப் புரட்டி 'கிராஸ் = புல்' என்கிறார். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

'அகர் அகர்' என்பாரும் உண்டு. மலாய்ச் சொல், மலேசியத் தமிழர் வீடுகளில் இயல்பாகப் புழங்குகிறது, அங்கே குறையில்லை. தஞ்சாவூரில் சொன்னால் ஊதுபத்தி ஞாபகம்தான் வரும். 'கடற்பாசிக் கூழ்மம்' என்று ஒரு தனித்தமிழ் அன்பர் எழுதினார். சரியாகத்தான் இருக்கிறது, வாயில் நிற்கவில்லை. மரமும் புளி, பழமும் புளி, குழம்பும் புளி என்று சொல்லிப் பழகியவர்களுக்குப் பாசிக்கும் இழைக்கும் பலகாரத்துக்கும் ஒரே பெயர் போதும்.

எழுத்தில் கடற்பாசி, பேச்சில் கடப்பாசி. என் கட்சி அதுதான்.

நான் வாங்கியது ஒரு சீன இனிப்பு செய்து பார்க்கவும்தான். சிங்ரென் தௌஃபு. இதற்கும் ஒரு தமிழாக்கம் கண்ணில் பட்டது: 'வாதுமை சோயாக் கட்டி'. வெள்ளையாக, தௌஃபு (டோஃபு என்கிற சோயாக் கட்டி) மாதிரி துண்டு போடுவதால் அந்தப் பெயரே தவிர, சோயா ஒரு பொட்டுக்கூட இல்லை. சிங்ரென்னும் பாதாம் இல்லை, ஆப்ரிகாட் கொட்டையின் உள்பருப்பு. வீட்டில் பாதாம் போதும்.

அவனில் சுடுவதோ ஆவியில் வேகவைப்பதோ கிடையாது. ஒரு பொட்டலத்து இழையை ஊறவைத்து, ஒன்றரை கப் தண்ணீரில் ஒரு இழைகூடத் தெரியாமல் கொதிக்கவிட வேண்டும். தோலுரித்து அரைத்த பாதாம் ஒரு கைப்பிடி, சர்க்கரை, அரை லிட்டர் பால் சேர்த்துத் தனியாகச் சூடாக்கி, சூட்டோடு சூடாக ஊற்றிக் கலக்கவும். நான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை அப்படியே ஊற்றினேன். கரண்டியைச் சுற்றி இடியாப்பம் மாதிரி திரித்திரியாகக் கட்டிக்கொண்டது. 40 டிகிரிக்குக் கீழே போனாலே உறையும், திரும்ப உருக 85 டிகிரியாவது வேண்டும். அதனால்தான் சித்திரை வெயிலிலும் தட்டில் ஒழுகாமல் நிற்கிறது. மறுபடி அடுப்பேற்றித்தான் கரைத்தேன்.

சாய்சதுரமாக வெட்டி ஒரு கிண்ணம் அக்காவிடம் கொடுத்து, இதற்கு நல்ல தமிழ்ப் பேராக ஒன்று சொல்லுங்கள் என்றேன். ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே, "பாதாம் போட்ட கடப்பாசி. இதுக்கு என்ன தம்பி தனிப் பேரு?" என்றார்.