டீ ட்ரீ எண்ணெய் கிருமியை என்ன செய்கிறது?

ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, அதில் இரண்டு சொட்டு டீ ட்ரீ எண்ணெய் விட்டுப் பாருங்கள். கற்பூரமும் ஜாதிக்காயும் சேர்ந்தது போல ஒரு வாசனை மூக்கில் ஏறும். எண்ணெய் மட்டும் தண்ணீரோடு சேராமல் மேலே மெல்லிய வட்டமாக நிற்கும். கரண்டியால் கலக்கினால் சின்னச் சின்ன முத்துகளாக உடையும். சற்று நேரத்தில் மறுபடி மேலே வந்து கூடிவிடும். தண்ணீரை விட்டு விலகிக் கொழுப்போடு ஒட்டிக்கொள்ளும் இந்தக் குணத்தைப் புரிந்துகொண்டால், இந்த எண்ணெயைப் பற்றிய பாதி விஷயம் புரிந்த மாதிரிதான்.

பெயரில் டீ இருந்தாலும் இதற்கும் தேயிலைச் செடிக்கும் உறவு கிடையாது. ஆஸ்திரேலியாவுக்கு வந்த ஐரோப்பியர்கள் இது போன்ற புதர்களின் இலையைத் தேயிலைக்குப் பதிலாகக் கொதிக்கவைத்துக் குடித்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தாவரவியல் பெயர் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா. யூகலிப்டஸும் கிராம்பும் கொய்யாவும் இருக்கிற அதே குடும்பம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடகிழக்கில், ஈரமான ஓடைக்கரைகளில் தானாக வளர்கிறது. அங்கே வாழும் பண்ட்ஜலாங் பழங்குடி மக்கள் இந்த இலையைக் கசக்கிச் சளிக்கும் இருமலுக்கும் முகர்ந்தார்கள். காயத்தின் மேல் வைத்துக் கட்டினார்கள். 1920களில் சிட்னியில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற வேதியியலாளர் இந்த எண்ணெயைச் சோதித்து, அன்றைக்குக் கிருமிநாசினிகளுக்கு அளவுகோலாக இருந்த ஃபீனாலைவிட இது 11 மடங்கு வீரியமானது என்று பதிவு செய்தார். அந்த மக்களின் அனுபவ அறிவுக்கு ஆய்வகத்தில் கிடைத்த முதல் ஆதாரமாகவே அதை நான் பார்க்கிறேன்.

எண்ணெய் எடுப்பது எளிது. இலையையும் சிறு கிளைகளையும் கலத்தில் அடைத்து நீராவியைச் செலுத்துவார்கள். இலைக்குள் இருக்கும் எண்ணெய் ஆவியோடு கிளம்பி, குளிர்ந்ததும் நீரின் மேல் மிதக்கும். 100 கிலோ இலைக்கு ஒன்றிரண்டு கிலோ எண்ணெய் கிடைக்கும்.

அந்த எண்ணெயில் ஏறக்குறைய நூறு சேர்மங்கள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானது டெர்பினென்-4-ஆல். 2017இல் திருத்தப்பட்ட ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பின் விதிப்படி இது 35 முதல் 48 சதவீதம் இருக்க வேண்டும். பாக்டீரியாவைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு உண்டு. அதில் கொழுப்பு மூலக்கூறுகள் நெருக்கமாக வரிசை கட்டி நிற்கின்றன. கொழுப்பைத் தேடிப் போகும் டெர்பினென்-4-ஆல் அந்த வரிசைக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. நெருக்கம் தளர்கிறது, சவ்வு கசியத் தொடங்குகிறது, உள்ளே பத்திரமாக இருந்த பொட்டாசியம் அயனிகள் வெளியேறுகின்றன. செல்லின் சுவாசமும் தடுமாறி நிற்கிறது. கேண்டிடா போன்ற பூஞ்சைகளுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா மட்டும் எளிதில் மசியாது. அதன் வெளிச்சவ்வு ஒரு தடுப்புச் சுவர். போதாக்குறைக்கு, உள்ளே நுழைந்ததை வெளியே தள்ளும் பம்புகளும் அதனிடம் உண்டு.

சரி, மனிதர்களிடம் பலன் தெரிகிறதா? 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லும், பருவுக்கு வழக்கமாகத் தடவும் மருந்தான பென்சாயில் பெராக்சைடு 5 சதவீதமும் முகப்பருவைக் குறைத்தன. ஜெல் மெதுவாகத்தான் வேலை செய்தது, ஆனால் எரிச்சல் போன்ற தொல்லைகள் குறைவு. 2002இல் வந்த இன்னொரு ஆய்வில் 5 சதவீத ஷாம்பு நான்கு வாரத்தில் பொடுகை 41 சதவீதம் குறைத்தது. மருந்தில்லாத ஷாம்புவில் அது 11 சதவீதம். இரண்டிலும் அந்த 5 சதவீதத்தைக் கவனியுங்கள். நேரடியாகப் பாட்டிலிலிருந்து முகத்தில் தடவச் சொல்லும் குறிப்புகளைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

வீட்டில் குளியலறைப் பூஞ்சைக் கறையைத் துடைக்க, ஷூ நாற்றத்தைப் போக்க, குப்பைத்தொட்டியைக் கழுவ இதைப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீரில் சில சொட்டு விட்டு ஸ்ப்ரே பாட்டிலில் அடித்தால் முதலில் வெறும் தண்ணீர்தான் வரும். தெளிப்பானின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுகிறது, எண்ணெயோ மேலே மிதக்கிறது. தண்ணீருக்கு முன் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் சேர்த்து எண்ணெயைக் கலந்துகொண்டால் ஓரளவு சீராகப் பரவும். தெர்மாகோல் கப்பில் மட்டும் கலக்காதீர்கள், அது கரைந்துவிடும். நோயாளி இருக்கும் அறைக்கு முறையான கிருமிநாசினிதான் வேண்டும்.

இதைக் குடிக்கவே கூடாது. உள்ளே போனால் மயக்கமும் தள்ளாட்டமும் குழப்பமும் வரும், குழந்தைகளுக்குச் சிறிய அளவே ஆபத்து. பூனை, நாய்களின் தோலிலும் தடவ வேண்டாம்; தோல் வழியாகவே உடலுக்குள் போய்விடும், நக்கினால் இன்னும் மோசம்.

அப்புறம், பாட்டில் பழசானால் என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். காற்றும் வெளிச்சமும் பட்டால் எண்ணெயில் உள்ள சில சேர்மங்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகளாக மாறுகின்றன. தோலில் ஒவ்வாமையை எழுப்புபவை பெரும்பாலும் இவைதான். அதனால்தான் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். திறந்த தேதியைப் பாட்டிலின் மேல் எழுதி, மூடியை இறுக்கிக் குளிர்ந்த இருட்டான இடத்தில் வையுங்கள். புதிதாகப் பயன்படுத்தும்போது, நீர்த்த எண்ணெயை முழங்கையின் உட்புறத்தில் துளி தடவி ஓரிரு நாள் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள், வெறும் தண்ணீருக்கு அது போகாது.