திரை அணைந்த பிறகு என்ன நடக்கிறது?

சென்னை காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருக்கும் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், போன வருடம் தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். கடலில் போன வழியைக் கோடாகப் பதிந்து வைக்கும் செயலி ஒன்று அதில் இருந்தது. துறைமுக வாயிலில் தொடங்கிய கோடு வடகிழக்காக ஓடி, ஐந்தாறு கடல் மைல் தாண்டியதும் கத்தியால் வெட்டியதுபோல் நின்றிருந்தது. அதற்கு அப்பால் போய்த்தான் வலை விட்டிருக்கிறார்கள். சங்கரா மீன் நன்றாகப் பட்டிருக்கிறது. பட்ட இடம்தான் கைபேசியில் இல்லை. டவர் கிடைக்காததுதான் காரணம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஐபோன் வாங்கினால் இந்தத் தொல்லையே இருக்காது என்று மைத்துனர் சொல்லியிருக்கிறார். யார் சொன்னது சரி என்று கேட்டார் அண்ணன்.

கடைக்காரர் சொன்னது சரியில்லை. இருப்பிடம் அறிய டவர் தேவையில்லை. சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஓயாமல் நேரத்தை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் அறிவிப்புகள் வந்துசேர எடுத்த நேரத்தை வைத்து கைபேசி தன் இடத்தைக் கணக்கிடுகிறது. அது கேட்கிறது, அவ்வளவுதான். எதையும் திருப்பி அனுப்புவதில்லை. எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற பட்டியலை இணையம் வழியாகப் பெற்றால் முதல் கணிப்பு விரைவாகக் கிடைக்கும். ஆகவே கரையிலேயே செயலியைத் தொடங்கிவிடுவது நல்லது. அண்ணன் அப்படித்தான் தொடங்கியிருந்தார். பிறகு கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, திரையை அணைத்து, சட்டைப் பையில் வைத்திருக்கிறார். கோடு அறுந்த காரணம் அந்த அணைந்த திரைக்குப் பின்னால் இருக்கிறது. மைத்துனர் சொன்னதற்கும் அங்கேதான் பதில் இருக்கிறது. கைபேசியை நடத்தும் இயங்குதளம் ஆண்ட்ராய்டா, ஐபோனின் ஐஓஎஸ்ஸா என்று பேசும்போது நாம் கேமராவையும் விலையையும் ஒப்பிடுகிறோம். திரை அணைந்த பிறகு எந்தச் செயலி விழித்திருக்கலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஒண்டுக்குடித்தன வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே வீட்டில் எட்டுக் குடும்பங்கள் இருக்கும். ஆளுக்கொரு அறை, தனிப் பூட்டு. முற்றமும் அடிபம்பும் பொது. யாருக்கு எப்போது தண்ணீர், இரவில் எத்தனை மணிக்கு விளக்கணைப்பது என்பதெல்லாம் வீட்டுக்காரர் சொல்வது. கைபேசியில் செயலிகள் குடித்தனக்காரர்கள், இயங்குதளம் வீட்டுக்காரர். ஆண்ட்ராய்டின் அடித்தளம், கணினிகளுக்காக எழுதப்பட்ட லினக்ஸ். பலர் ஒரே கணினியைப் பகிர்வதற்கான பயனர் எண் முறை அதில் உண்டு. ஆண்ட்ராய்டை வடிவமைத்தவர்கள் அதை அழகாகத் திருப்பிக்கொண்டார்கள்: நிறுவப்படும் ஒவ்வொரு செயலியையும் ஒரு தனிப் பயனராகவே பதிவு செய்தார்கள். வங்கிச் செயலியின் அறைக்குள் விளையாட்டுச் செயலி எட்டிப்பார்க்க முடியாததற்கு அதுவே காரணம். ஐஓஎஸ்ஸின் வேர், ஸ்டீவ் ஜாப்ஸ் 1985-ல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனத்தின் கணினிகளில் இருக்கிறது. அதுவும் லினக்ஸின் முன்னோடியான யுனிக்ஸ் மரபில் வந்ததுதான்; அங்கும் ஒவ்வொரு செயலிக்கும் தனி அறை உண்டு. பூட்டுப் போடுவதில் இருவருக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. விளக்கணைக்கும் விதியில்தான் வேறுபடுகிறார்கள்.

ஐபோனில் ஒரு செயலியை விட்டு வெளியே வந்தால், சில நொடிகளில் அது உறைய வைக்கப்படுகிறது. நினைவகத்தில் இருக்கும், ஆனால் சிப்பின் நேரத்தில் ஒரு துளிகூட அதற்குக் கிடைக்காது. இசை, அழைப்பு, வழிகாட்டுதல் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கைச் செயலியை எழுதியவர் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். இருப்பிடத்தைப் பின்னணியில் பயன்படுத்த உரிமையாளரும் சம்மதிக்க வேண்டும். ஆண்ட்ராய்டு முதலில் தாராளமாக இருந்தது. பின்னணியில் யார் வேண்டுமானாலும் வேலை செய்யலாம், நினைவகம் நிரம்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பது அதன் போக்கு. திரையில் இருக்கும் செயலிக்கு முதல் மரியாதை, உரிமையாளருக்குத் தெரியும்படி பின்னால் வேலை செய்வதற்கு அடுத்த இடம், எப்போதோ திறந்து மறந்ததற்குக் கடைசி இடம். இடம் போதாதபோது கடைசியிலிருந்து வெளியேற்றிக்கொண்டே வருவார்கள். இதில் பேட்டரி சீக்கிரம் தீர்ந்தது. 2015-ல் ஆறாம் பதிப்பில் டோஸ் என்ற உறக்க முறை வந்தது. அசையாமல் கிடக்கும் கைபேசியில் செயலிகளை அது தூங்கவைத்தது. அடுத்த ஆண்டு ஏழாம் பதிப்பில், பையில் வைத்து நடக்கும்போதும் இலேசான உறக்கம் வந்தது. ஆனாலும் அறிவிப்புப் பட்டியில் தன்னைக் காட்டிக்கொண்டு, இருப்பிட அனுமதியும் பெற்று இயங்கும் செயலி தொடர்ந்து ஓடலாம் என்பது கூகுளின் விதி. அண்ணனின் செயலி அந்த விதிப்படிதான் நடந்துகொண்டது.

அப்படியென்றால் அதை நிறுத்தியது யார்? கைபேசியைத் தயாரித்த நிறுவனம். ஆண்ட்ராய்டில் மனை ஒருவருடையது, கட்டடம் வேறொருவருடையது. கூகுள் தரும் அடிப்படையின் மேல் ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் பங்குக்கு மாற்றங்கள் செய்கிறார். பேட்டரி இரண்டு நாள் நிற்கும் என்று விளம்பரம் செய்ய விரும்பும் நிறுவனம், திரை அணைந்து சிறிது நேரம் ஆனதும் கண்ணில் படும் செயலிகளையெல்லாம் கொன்றுவிடும் நிரலைச் சேர்க்கிறது. புகழ்பெற்ற சில செயலிகளுக்கு மட்டும் விலக்குப் பட்டியலில் இடம் தருகிறது. மீனவரின் தடம் பதியும் செயலி அந்தப் பட்டியலில் எப்படி இருக்கும்? இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கடலில் இருப்பவருக்கு அந்தக் கோடு பேட்டரியைவிட முக்கியம் என்பதை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யாரோ மறுத்துவிட்டார்கள்.

நினைவகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் இதை வைத்துத்தான் விற்கிறார்கள். 2021-ல் வந்த ஐபோன் 13-இல் 4 ஜிபி ரேம்தான் இருந்தது. அதே காலத்து ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் 8 ஜிபி இருந்தது. அதனால் ஐபோன் பாதி வேகத்தில் ஓடவில்லை. மீன் ஏலக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள்; செயலி பயன்படுத்தி முடித்த நினைவகத் துண்டுதான் காலிக் கூடை. காலிக் கூடைகளை அங்கங்கே போட்டுவிட்டு, அவ்வப்போது ஒருவர் வந்து ஒட்டுமொத்தமாகப் பொறுக்கிப் போவது ஒரு முறை. ஒவ்வொரு கூடையிலும் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது என்று எண்ணி வைத்து, கடைசி ஆள் கை எடுத்த கணமே அப்புறப்படுத்துவது இன்னொரு முறை. ஆண்ட்ராய்டுச் செயலிகள் பெரும்பாலும் முதல் முறையில் ஓடுகின்றன. ஐஓஎஸ் செயலிகள் இரண்டாவது முறையில். முதல் முறை சீராக நடக்க, கூடைகள் சேர்ந்து கிடப்பதற்குக் கூடுதல் இடம் வேண்டும். ஐபோன் பின்னணிச் செயலிகளை உறையவைப்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆகவே இரு வகைக் கைபேசிகளின் ஜிபி எண்ணை நேருக்கு நேர் ஒப்பிடுவதில் பயனில்லை.

தமிழ் எழுத்து விஷயத்தில் ஒரு காலத்தில் நானே ஆண்ட்ராய்டைக் குறை சொன்னதுண்டு. ‘கெ’ என்ற எழுத்து நினைவகத்தில் முதலில் ககரமாகவும் அடுத்துக் கொம்பாகவும் பதிகிறது. திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் ககரத்தின் இரண்டு பக்கமும் குறி வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்வது இயங்குதளத்தின் வேலை. தொடக்க கால ஆண்ட்ராய்டு கைபேசிகள் பலவற்றில் எழுத்துருகூட இல்லாமல் தமிழ் வெறும் கட்டங்களாகத் தெரிந்தது. ஐபோனில் 2013-ல் ஐஓஎஸ் 7 வந்தபோது தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே கிடைத்தன. இன்று இரண்டிலும் தமிழ் நன்றாகவே தெரிகிறது.

புதுப்பிப்பு விஷயத்தில் வேறுபாடு இன்னும் பெரிது. ஆப்பிளில் சிப்பு, கைபேசி, இயங்குதளம் மூன்றும் ஒரே கையில் இருக்கின்றன. 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூட ஒரு பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஆண்ட்ராய்டில் கூகுள் எழுதும் திருத்தம் சிப்பு நிறுவனத்தைக் கடந்து, தயாரிப்பாளரைக் கடந்துதான் நம் கைக்கு வர வேண்டும். இந்தச் சங்கிலியைச் சுருக்கவே 2017-ல், எட்டாம் பதிப்பில், சிப்பு சார்ந்த பகுதியையும் மற்றதையும் கூகுள் பிரித்து வைத்தது. கூகுளும் சாம்சங்கும் தங்கள் விலை உயர்ந்த கைபேசிகளுக்கு இப்போது ஏழு ஆண்டு உறுதி தருகின்றன. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணி வாங்கப் போகும் வழியில் நாம் பார்க்கும் பத்தாயிரம் ரூபாய்க் கைபேசிக்கு அந்த உறுதி இல்லை. வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதுதான்.

மூன்றாவது வீட்டுக்காரர் ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். நோக்கியாவின் சிம்பியன், பிளாக்பெர்ரி, விண்டோஸ் போன் எல்லாம் இருந்தன. ஆட்கள் இல்லாததால் செயலிகள் வரவில்லை, செயலிகள் இல்லாததால் ஆட்கள் வரவில்லை. ஆண்ட்ராய்டின் மூல நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் ஒப்பந்தத்துக்கு உட்பட வேண்டும். அந்த ஒப்பந்த முறைக்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

எங்கள் பெரியப்பா வியாசர்பாடியில் இருக்கிறார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வாகன அபராதம் கட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்த ஒரு கோப்பை அவர் தொட்டுவிட்டார். அது உண்மையில் ஒரு செயலி. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் செயலியையும் நிறுவ வழி இருக்கிறது. எச்சரிக்கை காட்டும், சம்மதித்தால் உள்ளே விட்டுவிடும். அந்தச் செயலி குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைக் கேட்டபோது அவர் மகன் பார்த்துவிட்டதால் பணம் தப்பியது. ஓடிபி எண் குறுஞ்செய்தியில்தான் வருகிறது. ஐபோனில் உரிமையாளரின் குறுஞ்செய்திப் பெட்டியைத் திறந்து படிக்கச் செயலிகளுக்கு வழியே கிடையாது. இந்தியாவில் ஆப் ஸ்டோருக்கு வெளியே இருந்து இப்படிக் கோப்பாக அனுப்பி நிறுவ வைக்கவும் முடியாது. பெரியப்பாவுக்குப் பழைய ஐபோன் ஒன்றை வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். பழையதை வாங்கும்போது முந்தைய உரிமையாளரின் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். நீக்கப்படாவிட்டால் ஐபோன் புதியவருக்குத் திறக்காது.

காசிமேட்டு அண்ணனுக்கு ஆண்ட்ராய்டே போதும் என்றேன். மைத்துனர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஐபோனில் நடுவில் புகுந்து செயலியைக் கொல்ல இன்னொரு நிறுவனம் கிடையாது. ஆனால் உப்புத் தண்ணீரில் நனைந்து, படகில் விழுந்து அடிபடும் பொருளுக்கு அவ்வளவு பணம் போடுவது நியாயமாகப் படவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர்களுக்காக உருவாக்கிய ஃபிஷர் ஃபிரெண்ட் செயலியில் அவர் தினமும் அலை உயரமும் காற்றின் போக்கும் பார்க்கிறார். அதற்கும் இருக்கும் கைபேசியே போதும். அமைப்புகளுக்குள் போய், தடம் பதியும் செயலிக்கு இருப்பிட அனுமதியை ‘எல்லா நேரமும்’ என்று மாற்றினோம். பேட்டரிப் பகுதியில் அதற்கு இருந்த கட்டுப்பாட்டை நீக்கினோம். கைபேசியைத் தயாரித்த நிறுவனம் தன் பங்குக்கு வேறோர் இடத்தில் ஒளித்து வைத்திருந்த தானியங்கி நிறுத்தத்தைத் தேடி அணைக்கத்தான் கால் மணி நேரம் ஆனது.

அடுத்த முறை கரை திரும்பியதும் படத்தை அனுப்பினார். கோடு துறைமுகத்திலிருந்து கிளம்பி, போன முறை அறுந்த இடத்தைத் தாண்டி நேராகப் போயிருந்தது. வலை விட்ட இடத்தில் நீளமாக ஒரு வளைவு. வலை ஊறிய நேரத்தில் படகு நீரோட்டத்தோடு மெல்ல நகர்ந்ததைக் காட்டும் நெருக்கமான புள்ளிகள். பிறகு கரைக்குத் திரும்பும் ஒற்றைக் கோடு.