கன்னத்தில் ஒரு நிழல், நெற்றியில் கொஞ்சம் வெயில்

திருமலை நாயக்கர் மகாலுக்குப் போனால், முற்றத்தை ஒட்டி நிற்கும் தூண் ஒன்றை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். வெளிச்சம் விழும் பக்கம் பளிச்சென்று இருக்கும். அங்கிருந்து மெல்ல மெல்ல மங்கி, மறுபக்கம் போகும்போது இருண்டுவிடும். இடையில் எங்கேயும் கோடு கிடையாது. கோடில்லாத அந்த மங்கல்தான் ‘இது உருண்டையான பொருள்’ என்று நம் மூளைக்குச் சொல்கிறது. அதே தூணுக்கு நேர் எதிரே நெருங்கி நின்று ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தால், உருண்டை போய் வெறும் பலகையாகத் தெரியும்.

முகத்துக்கும் இதுதான் நடக்கிறது. எங்கள் அண்ணன் மகள் கல்யாணம் திருப்பரங்குன்றத்தில் நடந்தது. முகூர்த்தம் முடிந்து வந்தவள், “அத்தை, கண்ணாடில பாத்தா கன்னத்துல அழுக்கு ஒட்டுன மாதிரி இருக்கு. போட்டோல பாத்தா மூஞ்சி தோசை மாதிரி தட்டையா இருக்கு. ரெண்டும் எப்படி ஒரே நேரத்துல ஆகும்?” என்று கேட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவள். கேள்வி என்னை விடவில்லை. அழகு நிலையத்தில் அவளுக்குக் கான்டூரும் பிரான்சரும் போட்டிருந்தார்கள். ஆனால் இரண்டும் ஒரே டப்பாவிலிருந்து, ஒரே பிரஷ்ஷால், ஒரே இடத்தில். எனக்குத் தெரிந்தவரை நம் ஊரில் பலரும் இப்படித்தான் செய்கிறார்கள். இரண்டும் பழுப்புப் பவுடர்தானே என்று தோன்றுவது இயல்பு. உண்மையில் இரண்டின் வேலையும் ஒன்றுக்கொன்று எதிரானது. கான்டூர் என்பது வெளிச்சம் விழாத இடத்தைத் தீட்டுவது. பிரான்சர் என்பது வெயில் அதிகம் பட்ட இடத்தைத் தீட்டுவது.

முதலில் நிழலைப் பார்ப்போம். ஒரு வட்டத்தை வரைந்து, மேல்பாதியை வெளுப்பாகவும் கீழ்ப்பாதியைக் கருப்பாகவும் படிப்படியாக மங்கச் செய்தால் அது மேடாகத் தெரியும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால் அதே வட்டம் குழியாகிவிடும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, பிறகு அமெரிக்காவில் மூளை ஆய்வாளராகப் பேர் பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன் 1988-ல் இதை விரிவாக ஆராய்ந்து எழுதினார். வெளிச்சம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் மேலிருந்துதான் வரும் என்று மூளை கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. சூரியனுக்குக் கீழே வாழ்ந்த உயிர்களுக்கு அது நியாயமான கணக்கு. மதுரைக்காரர்களுக்கு இன்னும் நியாயம்: நம் ஊர் ஏறக்குறைய 10 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் நடுவில், சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டி, நண்பகல் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்துவிடுகிறது. நட்டுவைத்த கம்புக்கு நிழலே இருக்காது. ஆனால் அந்த நேரத்தில் எதிரே வருகிறவர் முகத்தைப் பாருங்கள். புருவத்துக்குக் கீழே, மூக்குக்கு அடியில், கன்ன எலும்புக்குக் கீழே, தாடையின் கீழ் எல்லாம் நிழல் இறங்கியிருக்கும். கான்டூர் போட வேண்டிய இடங்களின் வரைபடம் அதுதான். தனியாக மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறான தந்திரத்தை மீன்கள் வைத்திருக்கின்றன. கெண்டையின் முதுகு கருத்திருக்கும், வயிறு வெளுத்திருக்கும். மேலிருந்து வரும் வெளிச்சம் முதுகை வெளுப்பாக்கி வயிற்றில் நிழல் போடுமல்லவா? மீனின் நிறம் அதற்குத் தலைகீழாக இருப்பதால் இரண்டும் ஈடுகட்டி, தண்ணீருக்குள் அதன் உருண்டை வடிவமே மறைந்துபோகிறது. அபட் தேயர் என்ற அமெரிக்க ஓவியர் 1896-ல் இதை விளக்கி எழுதினார். மீன் நிழலை அழித்து ஒளிந்துகொள்கிறது. நாம் நிழலை வரைந்து வடிவத்தை வெளியே கொண்டுவருகிறோம்.

கல்யாண மண்டபத்தில் நிழல் ஏன் தேவைப்படுகிறது என்றால், வீடியோக்காரர் விளக்கை முகத்துக்கு நேராகப் பிடிக்கிறார். கேமராவுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் வந்தால், விழும் நிழலெல்லாம் பொருளுக்குப் பின்னால் போய்விடும், கேமராவுக்குத் தெரியாது. இயற்கை போட்ட நிழலை விளக்கு அழித்துவிட்டது, அதைப் பவுடரால் திரும்ப வைக்கிறோம், அவ்வளவுதான். மூக்கை ஒல்லியாக்கவும் கன்னத்தைக் குறைக்கவும் தான் கான்டூர் என்று சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஃபிளாஷ் திருடியதைத் திருப்பிக்கொடுத்தால் போதும், அந்த முகத்துக்கு உரிய வடிவம் தானாக வந்துவிடும்.

கன்னத்தில் இடம் கண்டுபிடிக்க, காது ஓட்டைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குருத்திலிருந்து வாயின் ஓரத்தை நோக்கி விரலை அழுத்தி நகர்த்துங்கள். எலும்பு முடிந்து சதை உள்வாங்கும் விளிம்பு தட்டுப்படும். அந்த விளிம்பை ஒட்டி, காதுப் பக்கம் அழுத்தமாக ஆரம்பித்து, கண்ணின் வெளிமுனைக்கு நேர் கீழே வருவதற்குள் கரைந்துபோக வேண்டும். வாய்வரை இழுத்தால் முகம் பட்டினி கிடந்ததுபோல் ஆகிவிடும். மிச்ச இடம் தாடை எலும்புக்குக் கீழேயும், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள நெற்றிப் பொட்டின் ஓரத்திலும்.

கோடு தெரியக் கூடாது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல கண்ணுக்கு மூன்று மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வரை பிரித்தறிய முடியும். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் பால சபை தொடங்கி நாடகம் நடத்திய காலத்தில், அரிதாரம் பூசிய முகத்தைக் கடைசி வரிசைக்காரர் வெகுதூரத்திலிருந்து பார்த்தார். (அந்த ‘அரிதாரம்’ என்ற சொல் ஆர்செனிக் கலந்த ஒரு மஞ்சள் கனிமத்தின் பெயர். நல்லவேளை, இன்றைக்குச் சொல் மட்டும்தான் மிச்சம்.) அவ்வளவு தூரத்தில் தடித்த கோடும் மங்கி நிழலாகிவிடும். கல்யாணத்தில் அத்தைமார் இரண்டடி தள்ளி நின்று நெட்டி முறிக்கிறார்கள். அங்கே விளிம்பு கூர்மையாக இருந்தால் கண் அதைப் பூச்சு என்று பிடித்துவிடும், படிப்படியாகக் கரைந்தால் வடிவம் என்று நம்பிவிடும்.

அண்ணன் மகளுடைய கன்னம் அழுக்காகத் தெரிந்ததற்கு முக்கியக் காரணம் நிறம். ‘கான்டூர் குளிர்ந்த நிறமாக இருக்க வேண்டும், சாம்பல் கலந்திருக்க வேண்டும்’ என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். வெளிர் தோலுக்கு அது ஓரளவு சரி. இருட்டறையில் கைப்பேசி விளக்கை விரல் நுனிக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள், விரல் சிவப்பாக ஒளிரும். நீல ஒளி தோலின் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் போவதில்லை. சிவப்பு ஒளி சில மில்லிமீட்டர் உள்ளே போய், சிதறி, பக்கத்தில் வெளிவருகிறது. அதனால் தோலில் விழும் நிழலின் ஓரம் எப்போதும் கொஞ்சம் சிவந்திருக்கும். மடிப்புகளுக்குள் ஒளி தோலுக்கும் தோலுக்கும் இடையே பலமுறை மோதி வருவதால் நிறம் இன்னும் செறிவாகிறது. நம் பழுப்புத் தோலில் நிழல் விழும் இடம் கருப்பட்டி நிறத்துக்கோ, புளி நிறத்துக்கோதான் போகிறது. சாம்பலுக்குப் போவதே இல்லை. அங்கே சாம்பலைத் தடவினால் சாம்பலாகத்தான் தெரியும்.

மலிவான பவுடர்களில் இது இன்னும் மோசம். வெளிர் தோலை மனதில் வைத்துத் தயாரித்தவற்றில் டால்க்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் தாராளமாக இருக்கும். இரண்டும் வெள்ளைப் பொடிகள். கருத்த தோல்மேல் வெள்ளைப் பொடி மெல்லிசாகப் படிந்தால் நீறு பூத்ததுபோல் வெளிறித் தெரியும்.

பழுப்பைத் தருவது இரும்பு. சிவப்பு, மஞ்சள், கருப்பு என மூன்று இரும்பு ஆக்ஸைடுகளை வெவ்வேறு அளவில் கலந்துதான் கான்டூர், பிரான்சர், ஃபவுண்டேஷன் மூன்றையும் செய்கிறார்கள். இந்தச் சிவப்பு நமக்குப் புதிதல்ல. கோயில் மதிலில் வெள்ளைப் பட்டைக்கு நடுவே ஓடும் காவியும், கோலத்துக்கு இடும் செம்மண்ணும் அதே இரும்புதான். மதுரையிலிருந்து சிவகங்கை மாவட்டத்துக் கீழடி பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். அங்கே கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகளைப் பாருங்கள். ஒரே மண், ஒரே சூளை, காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவப்பு, காற்றுப் படாத உள்பக்கம் கருப்பு. கான்டூரில் சிவப்பைக் குறைத்துக் கருப்பைக் கூட்டுகிறார்கள், பிரான்சரில் சிவப்பையும் மஞ்சளையும் கூட்டுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவே.

பிரான்சர் பிறந்தது வெயில் குறைந்த நாடுகளின் ஆசையில். கோடையில் ஏறிய நிறம் குளிர்காலத்தில் இறங்கிவிடுகிறவர்களுக்கு, அதை டப்பாவில் அடைத்துக் கொடுத்தார்கள். பிரான்ஸின் கெர்லான் நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த பிரான்சருக்கு ‘டெரகோட்டா’ என்றே பெயர், அதாவது சுடுமண். நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை, பிறகு எதற்கு? ஃபவுண்டேஷன் முகம் முழுவதையும் ஒரே நிறமாக்கிவிடுகிறது. நிஜமான முகத்தில் நெற்றியும் மூக்கும் கன்ன மேடும் மற்ற இடங்களைவிடக் கொஞ்சம் சூடான நிறத்தில், அதாவது சிவப்பும் மஞ்சளும் கூடிய சாயலில் இருக்கும். அந்தச் சூட்டைத் திரும்ப வைப்பதற்குத்தான். நம் பாட்டிமார் மஞ்சள் பூசிக் குளித்ததும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்தது: மஞ்சளில் உள்ள குர்குமின் நீலத்தை விழுங்கிவிடுவதால் முகத்துக்கு ஒரு பொன்னிறக் கதகதப்பு வந்தது.

ஆகவே பிரான்சர் போக வேண்டியது மேடுகளுக்கு. நெற்றியின் மேல் ஓரம், கன்ன எலும்பின் மேல், மூக்குத் தண்டில் லேசாக. பக்கவாட்டில் ‘3’ எழுதுவதுபோல நெற்றியிலிருந்து கன்னத்துக்கும் தாடைக்கும் இழுப்பது வழக்கம். நம் தோலுக்குச் சுட்ட செங்கல் நிறம் பொருந்தும், ஆரஞ்சு வேண்டாம். இதில் மினுமினுப்பு கொஞ்சம் இருக்கலாம். அந்த மினுமினுப்பு காக்காப்பொன், அதாவது மைக்கா தகடுகள் ஒளியைத் திருப்பியடிப்பது. கான்டூரில் அது கூடவே கூடாது. மின்னுகிற நிழலை யாரும் பார்த்ததில்லை.

கடைசியாக நம் ஊர் வெயிலுக்கு ஒன்று. காலை ஆறு மணிக்குச் சரியாக இருந்த பவுடர் பத்து மணிக்குக் கருத்துவிடுகிறது. ‘ஆக்ஸிடைஸ் ஆயிருச்சு’ என்கிறார்கள். சிவப்பும் மஞ்சளும் ஏற்கெனவே முழுக்கத் துருப்பிடித்த இரும்பு, இனிமேல் அது துருப்பிடிக்க இடமில்லை. நடப்பது வேறு. பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் கண்ணாடிபோல் ஆகிறதல்லவா? ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். டால்க்குக்கு அது 1.5-ஐ ஒட்டியது, காற்றுக்கு 1. அந்த வேறுபாட்டால்தான் பொடி ஒளியைச் சிதறடித்து வெள்ளையாகத் தெரிகிறது. முகத்து எண்ணெய்க்கும் எண் ஏறக்குறைய 1.5-தான். துகள்களுக்கு இடையே இருந்த காற்றைத் தள்ளிவிட்டு எண்ணெய் நிறைந்ததும் சிதறல் போய்விடுகிறது, வெள்ளைத் திரை விலகி அடியிலிருக்கும் இரும்பின் நிறம் முழுதாக வெளிவருகிறது.

அதனால் அண்ணன் மகள் இப்போது எந்தப் பவுடரை வாங்கினாலும் நான் சொன்ன ஒரு சோதனையைச் செய்கிறாள். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் தடவி, ஒன்றின் மேல் மட்டும் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறாள். எண்ணெய் வைக்காதது காலை முகூர்த்தத்து நிறம், எண்ணெய் வைத்தது மதியப் பந்தியில் உட்காரும்போது இருக்கப்போகிற நிறம். இரண்டும் பிடித்திருந்தால் மட்டும் காசு கொடுக்கிறாள்.