ஒரு ஜிக்கா, இரண்டு ஜிக்கா? கிராப்பி பிடிக்க அமெரிக்க மாநில விதிகள் சொல்வது

ஏரித் தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் வசந்த காலத்தில் கிராப்பி என்னும் நன்னீர் மீன்கள் முட்டையிடக் கரையோரம் வரும். அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களில் பலர் முதன்முதலில் தூண்டில் வாங்குவதும் அந்தச் சமயத்தில்தான். கடைக்குப் போனால் தூண்டில் நரம்பில் ஒரு ஜிக் கட்டுவதா, இரண்டு கட்டுவதா என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எது அதிக மீன் தரும் என்பதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் நிற்கும் ஏரியில் இரண்டு கட்ட அனுமதி உண்டா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே மீன்பிடி விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் ஏரிக்கு ஏரியும் மாறும்.

ஜிக் என்பது ஈயத் தலை வைத்து வார்த்த தூண்டில் முள். அதில் இறகோ பிளாஸ்டிக் வாலோ மாட்டியிருக்கும். விதியின் கணக்கில் ஒரு ஜிக் என்றால் ஒரு முள். ஒரே நரம்பில் மேலும் கீழுமாக இரண்டு ஜிக் கட்டினால் இரண்டு முள் ஆகிவிடும். கீழே ஜிக், மேலே உயிர் மீன்குஞ்சு கோத்த வெறும் முள் என்று கட்டினாலும் இரண்டுதான்.

மினசோட்டாவில் விதி கண்டிப்பானது. திறந்த நீரில் ஒருவருக்கு ஒரு நரம்பு, நரம்புக்கு ஒரு முள். குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைத்துப் பிடிக்கும்போது மட்டும் இரண்டு நரம்பு போடலாம். அப்போதும் நரம்புக்கு ஒரு முள்தான். ஒரே செயற்கை இரையில் பல முட்கள் இருந்தால் அதை ஒன்றாகவே எண்ணுவார்கள். கிராப்பி உள்ளிட்ட சில மீன்களுக்கு ஒரு நரம்பில் மூன்று செயற்கை ஈக்கள் வரை கட்டலாம் என்று விலக்கும் இருக்கிறது. ஈ என்றால் இறகு, முடி, நூல் போன்றவற்றால் கட்டிய முள். இந்த விலக்கைக் காட்டி ஈயத் தலையும் பிளாஸ்டிக் வாலும் கொண்ட இரண்டு ஜிக்கைக் கட்டிவிடாதீர்கள். சந்தேகம் இருந்தால் மாநில இயற்கை வளத் துறைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். பொறுமையாகவே பதில் சொல்வார்கள். சுருக்கமாகச் சொன்னால், மினசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில் ஒற்றை ஜிக்தான்.

பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் கணக்கு வேறு மாதிரி. அங்கே ஒருவர் மூன்று நரம்பு வரை போடலாம். ஆனால் எல்லா நரம்புகளையும் சேர்த்து மொத்தம் மூன்று முள்ளுக்கு மேல் கூடாது. இரண்டு தூண்டில் கோல்களில் இரட்டை ஜிக் கட்டினால் நான்கு ஆகி, விதியை மீறியதாகிவிடும். ஒரு கோலில் இரட்டை, இன்னொன்றில் ஒற்றை என்றால் சரி. மூன்று கோல்களிலும் ஒற்றை என்றாலும் சரி. இரட்டை ஜிக் கட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கோலை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதுதான் இதன் பொருள். எனக்கு இது நியாயமான விதியாகப் படுகிறது: எத்தனை முள் நீரில் இறங்கலாம் என்பதை மட்டும் வரையறுத்துவிட்டு, அதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதைப் பிடிப்பவரிடமே விட்டுவிடுகிறது.

இரண்டு மாநிலங்களுக்கும் நடுவே ஓடும் செயின்ட் குரோய், மிசிசிப்பி ஆறுகளின் எல்லைப் பகுதியில் தனி விதி. நரம்புக்கு ஒரு முள் வீதம் இரண்டு நரம்பு போடலாம். அல்லது ஒரே நரம்பில் இரண்டு முள் கட்டலாம். மினசோட்டாவில் வசிப்பவர் இரட்டை ஜிக் பழக வேண்டுமானால் இந்த எல்லை நீருக்குப் போகலாம். அங்கிருந்து உள்நாட்டு ஏரிக்குத் திரும்பும்போது கீழ் ஜிக்கை வெட்டி எடுத்துவிட மறக்கக் கூடாது.

தெற்கே மிசிசிப்பி மாநிலத்தில் கதையே வேறு. சார்டிஸ், எனிட், கிரனேடா ஆகியவை யாசூ ஆற்றுப் படுகையில் வெள்ளத்தைத் தடுக்க ராணுவப் பொறியாளர் படை கட்டிய பெரிய நீர்த்தேக்கங்கள். பெரிய கிராப்பிக்காகவே பல மாநிலங்களிலிருந்தும் ஆட்கள் இங்கே வருகிறார்கள். வெள்ளைக் கிராப்பியின் உலக சாதனையான 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன் 1957-இல் எனிட் ஏரியில்தான் பிடிபட்டது. இந்த ஏரிகளில் ஒருவர் நான்கு கோல் வரை வைக்கலாம், கோலுக்கு இரண்டு முள் வரை. ஆக எட்டு ஜிக் நீரில் இருக்கலாம். இவ்வளவு தாராளம் காட்டும் விதி, நீளத்தில் கறாராக இருக்கிறது: 12 அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியை உடனே விட்டுவிட வேண்டும். இரட்டை ஜிக் போடுபவர் அளவுகோலைக் கையிலேயே வைத்திருப்பது நல்லது. இரண்டு மீன் ஒன்றாக ஏறும்போது, ஒன்றை அளக்கும் நேரத்தில் மற்றது காற்றில் துடித்துக்கொண்டிருக்கும்.

இந்த மூன்று மாநிலங்களிலும் 16 வயது ஆனவருக்கு உரிமம் தேவை. மிசிசிப்பியில் 65 வயதைத் தொட்ட மாநிலவாசிகளுக்கு விலக்கு உண்டு. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு அந்த விலக்கு பொருந்தாது. அவர்கள் வெளியாட்கள் கணக்கில் வருவார்கள். அவர்கள் கையில் கோலைக் கொடுக்கும் முன் குறுகிய கால உரிமம் ஒன்றை இணையத்தில் வாங்கிவிடுங்கள். "சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னாங்க" என்ற பதில் அதிகாரியிடம் எடுபடாது. உரிம ஆண்டு ஜனவரியில் தொடங்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். மினசோட்டாவில் அது மார்ச் 1-இலும் விஸ்கான்சினில் ஏப்ரல் 1-இலும் தொடங்குகிறது.

உரிமக் கட்டணத்தோடு இன்னொரு தொகையும் உங்கள் கையிலிருந்து போகிறது. 1950-ஆம் ஆண்டின் டிங்கல்-ஜான்சன் சட்டப்படி தூண்டில் சாமான்களுக்கு உற்பத்தியாளர் விலையில் 10 சதவீத மத்திய வரி உண்டு. ஜிக் விலையிலேயே அது அடங்கியிருக்கும். அந்தப் பணம் மாநிலங்களுக்குத் திரும்புகிறது: 60 சதவீதம் உரிமம் பெற்றவர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தும், 40 சதவீதம் நில, நீர்ப் பரப்பைப் பொறுத்தும். மீன் குஞ்சு விடுவதும் படகுத்துறை கட்டுவதும் இந்தப் பணத்தில் நடக்கின்றன. உரிமம் வாங்காமல் பிடிப்பவர் தன் மாநிலத்துக்கு வர வேண்டிய பங்கையும் குறைத்துவிடுகிறார்.

சரி, விதி இரண்டுக்கும் இடம் தந்தால் எதைக் கட்டுவது? கோடையில் கிராப்பி எந்த ஆழத்தில் நிற்கிறது என்று தெரியாதபோது இரட்டை உதவும். ஒன்றரை முதல் இரண்டு அடி இடைவெளி விட்டு, வேறு வேறு நிறத்தில் கட்டினால் ஆழமும் நிறமும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடும். இரண்டு ஜிக்கின் எடை சேர்வதால் காற்றிலும் நரம்பு நேராக நிற்கும். மூழ்கிய மரக்கிளைகளுக்குள் ஒற்றைதான் சரி. இரட்டை போட்டால் மீன் கீழ் ஜிக்கைக் கவ்வியதும் மேல் ஜிக் கிளையில் மாட்டிக்கொள்ளும். கரையோர ஆழமில்லாத நீரிலும், குளிரில் மீன் மந்தமாக இருக்கும்போதும் ஒற்றையைத் தக்கையின் கீழ் மெதுவாக ஆடவிடுவதே என் தேர்வு.

எத்தனை முள் கட்டினாலும், ஒரு நாளில் எத்தனை மீன் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பு அதிகமாகாது. மினசோட்டாவில் பொதுவாக ஒருவருக்குப் பத்து கிராப்பி. விஸ்கான்சினில் கிராப்பி, புளூகில், மஞ்சள் பெர்ச் எல்லாம் சேர்த்துப் பொதுவாக 25. சில ஏரிகளில் அதைவிடக் குறைவு, அதனால் ஏரியின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள். கையில் 24 இருக்கும்போது இரட்டை ஜிக்கில் இரண்டு ஏறினால் ஒன்றை விட்டே ஆக வேண்டும். வரம்பை நெருங்கும்போது ஒரு ஜிக்கை வெட்டி எடுத்துவிட்டு ஒற்றையில் பிடியுங்கள்.